எண்ணிப் பார்த்தபோது சரியாக இருந்தது

வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற வயதுக்கு நாங்களும் வந்துவிட்டோம். இந்தக் குளிர் நாட்டுத் தலைநகரின் ஓரத்தில், புருசெத் அடுக்குமாடிப் புளொக்குகளில் வளர்ந்து, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வீட்டில் ஒரு முகமும் வெளியில் ஒரு முகமுமாகத் திரிந்த என் வயதுக்காரருக்குத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால், "ஏன் நீங்கள் எதிர்த்துக் கதைக்கேல்லை?" என்ற ஒரு கேள்வியோடு முடித்துவிடுவார்கள். பெரியவர்கள் முடிவெடுத்த பிறகு எதிர்த்துக் கதைப்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது பதினாறு வயது. தங்கச்சிக்கு ஒன்பது. அவள் அதற்குமேல் வளரவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு கழகம் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடமொன்றின் நிலக்கீழ் விளையாட்டுக் கூடம், வெள்ளிக்கிழமை பின்னேரம். தரைக்குப் பூசிய வார்னிஷ் மணமும் பிள்ளைகளின் காலுறை மணமும் சேர்ந்து கிடக்கும். நடத்தியவரை நாங்கள் தலைவர் மாமா என்போம். ஊரில் வாத்தியார், இங்கே ராக்சி ஓட்டினார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். பிள்ளைகள் கடைத்தெருவில் நின்று கெட்டுப்போய்விடக் கூடாது என்பதற்காக இரவு வேலையையும் முடித்துவிட்டு நித்திரை இல்லாமல் வந்து நிற்பார். நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னோடு படித்த ஒரு யூதப் பிள்ளை மூலமாக எனக்கு அந்தப் பயிற்சி கிடைத்தது. நகரத்துக்குள் அவர்களுடைய சமூக இல்லத்தில், பதின்ம வயதுப் பிள்ளைகளைச் சிறுவர் கழகங்களுக்குத் தலைமை தாங்கப் பழக்குவார்கள். அந்த வருடம் வேறு சிறு சமூகங்களுக்கும் ஓரிரு இடம் தரலாம் என்று யோசித்திருந்தார்கள். தலைவர் மாமாவிடம் கேட்டேன். "யூத ஆக்கள் கெட்டிக்காரர். போய்ப் படிச்சுக்கொண்டு வா பிள்ளை" என்றார். அவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அம்மாவுக்குத்தான் மனமில்லை. முதல் நாள் என்னைக் கொண்டுபோய் விட வந்தவர், வாசலில் நின்ற காவலாளி என் பையைத் திறந்து பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன, செக்பொயின்ற் மாதிரிக் கிடக்கு. வா, வீட்டை போவம்."

"அம்மா, அது அவையின்ரை பாதுகாப்புக்கு."

"பாதுகாப்புக்கெண்டுதான் அங்கையும் சொன்னவங்கள்" என்றார் அம்மா. ஆனாலும் விட்டுவிட்டுப் போனார். எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நான் வெளியே வரும்வரைக்கும் நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே கோப்பியும் நனைந்த கம்பளியும் மணக்கும். சுவரில் வரிசையாகப் பழைய வகுப்புப் படங்கள். எங்களைப் பயிற்றுவித்தவர் ஒரு குட்டையான பெண்மணி. கட்டைக் குரல். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குதிக்காலில் ஓட்டை விழுந்த கம்பளிக் காலுறையோடு நடப்பார். முதல் நாள் அம்மா கட்டித்தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸை நான் மேசையில் விரித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த இல்லத்தில் இறைச்சிக்கு எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் என்னைக் கூச்சப்பட விடவில்லை. "வா, வெளியே போவோம்" என்று கூட்டிக்கொண்டு போய், நான் வாசல் படியில் இருந்து சாப்பிட்டு முடியும்வரைக்கும் பக்கத்தில் இருந்தார். மணத்துக்காகவே இன்னும் ஒரு நாள் கொண்டுவரச் சொன்னார்.

அவர் சொல்லித்தந்ததில் பலதை மறந்துவிட்டேன். பாட்டுகள் மறந்துவிட்டன, கயிற்று முடிச்சுகள் மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது தலையெண்ணக் கூடாது என்றார். நான் சிரித்துவிட்டேன். எண்ணாமல் எப்படி?

"எங்கள் வழக்கத்தில் மனிதரை எண்ணுவதில்லை. அது மிகப் பழைய வழக்கம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உலக யுத்தத்தில் இந்த நகரத்திலிருந்து எங்களை எண்ணி எண்ணித்தான் கொலை முகாமுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். அதனால் எனக்கும் அது பிடிக்காது" என்றார். கூடத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு அது புதுக் கதையில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்களுடைய முறை வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூட்டாளி. பயணம் தொடங்கும்போது சேர்த்துவிட்டால், திரும்பி வீட்டுக்குப் போகும்வரைக்கும் மாற்றக் கூடாது. நடுவில் கூப்பிடும்போது எவரும் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை. "என் கூட்டாளி இங்கே" என்று மற்றவரைத் தொட்டுக் காட்டவேண்டும். "தொலைந்த பிள்ளை கத்தாது" என்றார் அவர். "பக்கத்தில் நின்ற பிள்ளைதான் கத்தும். அது கத்தினால் எல்லாம் நிற்கவேண்டும். விளையாட்டுக்குக் கத்தினதா, பொய்யா என்ற விசாரணை பிறகு."

அதை நாங்கள் காட்டுக்குள் மழையில் பழகினோம். ஒருவரை ஒளித்து வைப்பார். மற்றவர் கத்தும்வரைக்கும் நாங்கள் நடந்துகொண்டேயிருக்கவேண்டும். ஒருமுறை ஒரு பெடியன் கூட்டாளி காணாமல் போனதைக் கவனிக்காமல் சொக்லேற் தின்றுகொண்டு வந்தான். அவர் ஏசவில்லை. நின்று, அவன் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரைக்கும் எல்லோரையும் மழையில் நிற்கவைத்தார். அந்த வசந்த காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். வீட்டில் நான் மூத்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கறுத்தப் பிள்ளை. அங்கேதான் முதன்முதலாக ஒரு வேலை தெரிந்தவளாக இருந்தேன்.

படித்ததை வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளிடம் இறக்கினேன். அம்மா வடக்குக் கரையோரம் பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் ஒரு செம்மஞ்சள் நைலெக்ஸ் சேலை வைத்திருந்தார். அந்தக் குளிருக்குள் ஒரு நாளும் கட்டாத சேலை. அதையும் இன்னும் சில பழந்துணிகளையும் கிழித்து, சோடி சோடியாக ஒரே நிறத்தில் கைப்பட்டி தைத்தேன். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஓடுகிற பிள்ளையைப் பார்க்கிற பிள்ளையோடு சேர்க்கவேண்டும். என் தங்கச்சி ஓடுகிறவள். வாய் ஓயாது, கால் நில்லாது, பயம் என்பது மருந்துக்கும் இல்லை. பார்க்கிற பிள்ளை ஒரு திருகோணமலைப் பெடியன். அவளைவிட ஒரு வயது மூத்தவன். எங்கள் புளொக்குக்கு அடுத்த புளொக். படி இறங்கும்போதுகூடக் கைபிடியைத் தொட்டுத்தான் இறங்குவான். செம்மஞ்சள் பட்டியை அவர்கள் இருவருக்கும் கட்டினேன்.

"அக்கா, இவன் நடக்கிறதுக்கே யோசிக்கிறான்" என்று தங்கச்சி முறையிட்டாள்.

"அவ யோசிக்கிறதே இல்லை" என்றான் அவன்.

இரண்டு வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் மாதிரி ஒரு சோடி கழகத்தில் இல்லை. அவள் எங்கே பாய்ந்தாலும் பின்னால் அவன் குரல் கேட்கும். நான் கூப்பிட்டால் முதலில் கை தூக்குகிறவன் அவன்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் கதவடியில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடுகளுக்குப் போய் வேறு கதையாக மாறியதை நான் கவனிக்கவில்லை.

ஆனி மாதம், பள்ளிக்கூடம் விட்டதும், கழகம் ஓர் ஏரிக்கரைக்குப் போனது. பயணம் என்றால் எங்களுக்குப் பிள்ளைகளோடு சட்டிபானையும் போகவேண்டும். இடியப்பப் பெட்டிகள், ஆட்டிறைச்சிக் கறி, சம்பலுக்குத் துருவிய தேங்காய், காஸ் அடுப்பு. ஆறேழு பெண்கள் அதற்கென்றே வந்தார்கள். அம்மாவும் ஒருவர். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் நான் சோடி சேர்த்து நிறுத்தினேன். தங்கச்சியும் அவனும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் அம்மாவைப் பார்த்து, "என்னக்கா, உங்கடை சின்னவளுக்கு இப்பவே ஆள் பாத்தாச்சோ?" என்றார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது பகிடிதான். ஆனால் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. வந்து தங்கச்சியின் கையைப் பிரித்து எடுத்தார்.

"பெட்டையையும் பெடியனையும் உப்பிடி விடேலாது. நாளைக்கு நாலு சனம் கதைக்கும்."

"அம்மா, அவை சின்னப் பிள்ளையள்! சோடியை மாத்தக் கூடாது, அதுதான் முறையே."

"உன்ரை முறையை அங்கை வைச்சுக்கொள்."

தலைவர் மாமா வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார், வழக்குத் தீர்க்கிறவர் போல. பெட்டைகள் பெட்டைகளோடு, பெடியன்கள் பெடியன்களோடு என்று முடிவானது. மற்றச் சோடிகளும் பிரிந்தன. பிரித்துச் சேர்த்து முடிந்தபோது கடைசியில் அவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். பெடியனை வேறொரு சோடியோடு மூன்றாவதாகச் சேர்த்தார்கள்.

"தங்கச்சி?" என்றேன் நான்.

"அவள் தாயோட நிக்கட்டும். தாயை விடப் பெரிய கூட்டாளி ஆர் பிள்ளை?" என்றார் தலைவர் மாமா.

சொல்லுங்கள், எங்களில் யாருக்கு அதற்குப் பதில் தெரியும்?  பஸ்ஸில் ஏறினேன்.

அந்த ஏரித் தண்ணீர் தேத்தண்ணி நிறம். காட்டுக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் அப்படித்தான். முழங்காலளவு இறங்கினால் பாதம் தெரியாது. கரையெல்லாம் வழுவழுப்பான பாறை. அது சரிந்துபோய்த் திடீரென்று முடிந்துவிடும், அதற்குக் கீழே ஆழம். அம்மா கடல் சூழ்ந்த தீவில் பிறந்தவர். ஆனால் பெட்டைகளுக்கு அங்கே யாரும் நீச்சல் பழக்கவில்லை. தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

பெரிய பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றிப் போகிற பாதையில் கொடி விளையாட்டு நடத்தும்படி தலைவர் மாமா என்னை அனுப்பினார். போகும்போது பார்த்தேன். தங்கச்சி அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் இருந்து, அலுத்துப்போய் இடியப்பப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தாயோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் போனேன்.

அதன் பிறகு நடந்ததைப் பலரிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் கோத்தெடுத்தேன். தங்கச்சி காலுக்குள்ளும் கைக்குள்ளும் நின்று அரித்தெடுக்க, அம்மா "போய் அக்காவோட விளையாடு" என்று அனுப்பியிருக்கிறார். பெண்களைப் பொறுத்தவரை அவள் என்னோடு. என்னைப் பொறுத்தவரை அம்மாவோடு. அவள் பாதைக்கு வரவில்லை, பாறைப் பக்கம் போயிருக்கிறாள். அதைக் கண்டது அந்தப் பெடியன் மட்டும்தான்.

அவன் பந்தை விட்டுவிட்டுத் தலைவர் மாமாவிடம் ஓடினான். "மாமா, என்ரை கூட்டாளியைக் காணேல்லை."

"உன்ரை கூட்டாளியள் ரெண்டு பேரும் உதிலை நிக்கிறாங்களே."

"அவங்கள் இல்லை. அவ."

பக்கத்தில் நின்ற ஆண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "பொடியர் இப்பவே தவிக்கிறார்" என்று ஒருவர். அவன் போகவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னான். கடைசியில் தலைவர் மாமா, அவனுடைய மனத்துக்காக, விசிலை ஊதிக் கரையில் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டார். நாங்கள் போன பாதையைப் பார்த்து, அந்தப் பக்கம் போன பெட்டைகள் இத்தனை பேர் என்று மனக்கணக்கில் சேர்த்துக்கொண்டார். விரலை நீட்டி எண்ணினார். கணக்குச் சரியாக வந்தது.

"பாத்தியோ? எல்லாரும் நிக்கினம். போய் விளையாடு."

பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் இருந்த தலைவர் மாமாவின் தங்கையின் மகன், காலைக் கணக்கில் இல்லாதவன், மத்தியானம் தகப்பனின் காரில் வந்து இறங்கிப் பிள்ளைகளோடு கலந்திருந்தான். எண்ணிக்கையில் அந்தப் பிள்ளையும் ஒரு தலை. என் தங்கச்சி நின்றிருக்கவேண்டிய இலக்கத்தில் அவன் நின்றான்.

பெடியன் விளையாடப் போகவில்லை. ஏரியைச் சுற்றி என்னைத் தேடி ஓடிவந்தான். படியில் கைபிடி தேடுகிற பிள்ளை, வேரும் கல்லுமான பாதையில் முழங்காலெல்லாம் இரத்தத்தோடு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "என் கூட்டாளி இஞ்சை இல்லை" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடினேன். எனக்குப் பழக்கியது எல்லாம் அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான், அது பிந்திப்போன ஓட்டம். நான் பாறைக்கு வந்தபோது, சிறு படகில் வந்த, இந்த நாட்டுக்காரரான ஒரு நொஸ்க் மனிதர் தண்ணீருக்குள் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிவந்தார். அவருடைய விரல்களில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. அந்த விரல்களால் தங்கச்சியின் முகத்தைத் துடைத்துத் துடைத்து, முகமெல்லாம் தேங்காய்ப்பூவாகிவிட்டது.

"நான் எண்ணினனான். சரியாத்தான் இருந்தது." தலைவர் மாமா இதைப் பொலிசுக்குச் சொன்னார், அப்பாவுக்குச் சொன்னார், கோயில் மண்டபத்தில் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொன்னார். பொய் சொல்லவில்லை. அதன்பின் கழுத்தில் விசில் போட்டதை நான் காணவில்லை. கழகம் மூடிவிட்டது. சனம் காரணம் தேடியது. "ஆரின்ரையோ பழக்கத்தைக் கொண்டுவந்து பிள்ளையளைச் சோடி கட்டி விட்டாள்" என்று என் காதுபடவே சொன்னார்கள். அதைவிட மோசமாக, அந்தப் பெடியன்தான் அவளைத் தண்ணிப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்றும் ஒரு கதை கட்டினார்கள். அவனுடைய தாய் தகப்பன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. இலையுதிர் காலத்துக்குள் வீட்டை விற்றுவிட்டு வடக்கே போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்த கிழமை, என்னைப் பயிற்றுவித்த பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். செத்த வீட்டில் தாங்கள் தாழ்வாகத்தான் இருப்போம் என்று சொல்லி, சோபாவை விட்டுத் தரையில், அம்மாவின் காலடியில் இருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லை.  புறப்படும்போது வாசலில் வைத்து என்னிடம், "கத்தினது யார்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அவனோடு யாராவது கதைத்தீர்களா?"

ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் ஆட்களில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் அந்தக் கேள்வி ஒருவருக்கும் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

போன மார்கழியில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒருவர் என்னைத் தாண்டிப்போய், நின்று, திரும்பி வந்தார். காதோரம் நரை. இரண்டு பக்கமும் இரண்டு பெட்டைக் குழந்தைகள், இருவரையும் மணிக்கட்டில் பிடித்திருந்தார். "அக்கா" என்றார். அந்த ஒரு சொல்லில், அந்தத் திருகோணமலைப் பெடியன் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. இப்போது இந்தப் பக்கம்தான் இருப்பதாகச் சொன்னார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, பனியைப் பற்றிக் கதைத்தோம். 

"அம்மா இருக்கிறாவோ?"

"ஓம். புருசெத்திலைதான், அதே வீடு."

"என்னைக் கண்டனீங்கள் எண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா. அவ பாவம்" என்றார். குழந்தைகள் இழுத்தார்கள், போய்விட்டார்.

நான் சொன்னேன். அன்று பின்னேரமே, அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"அவன் முதல்லை என்னட்டைத்தான் வந்தவன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"தலைவரிட்டைப் போறதுக்கு முதல். நான் கறி அடிப்பிடிக்கப் போகுதெண்டு கிண்டிக்கொண்டு நிண்டனான். 'அன்ரி, அவ தனியத் தண்ணிப் பக்கம் போறா' எண்டு வந்து சொன்னவன். மற்றப் பொம்பிளையள் என்னைப் பாத்துச் சிரிச்சாளவை. எனக்கு வெக்கமாப் போச்சு, பிள்ளை. அகப்பையாலை அவன்ரை கையிலை ஒண்டு போட்டன். 'இனி என்ரை பெட்டைக்குப் பின்னாலை வந்தியெண்டால் தெரியும்' எண்டன்."

 அப்பா சாகும்வரைக்கும் அவருக்கும் அம்மா இதைச் சொல்லவில்லை. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? எதிரே இருந்தது எண்பதை நெருங்கிய ஒரு கிழவி.

"சனம் அவனிலை பழி போடேக்கையும் நான் வாயைத் திறக்கேல்லை" என்றார். "அவன் இதை உனக்குச் சொன்னவனோ?"

"இல்லை அம்மா."

"தாய் தேப்பனுக்கும் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் அதுகள் வந்து என்ரை முகத்திலை துப்பியிருக்குங்கள்." ஒரு பயற்றங்காயை எடுத்தார், முறிக்காமல் திரும்ப வைத்தார். "பத்து வயசுப் பிள்ளை. என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

பிறகு, "ரெலிபோன் நம்பர் வாங்கினனியோ?" என்று கேட்டார்.

நான் வாங்கவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் அம்மாவை ஸ்ட்ரோம்மனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் அந்தப் பெடியனைக் கண்ட கடைக்கு முன்னால், ஆட்கள் இருந்து இளைப்பாற ஒரு வாங்கு இருக்கிறது. அம்மா மேலங்கியைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் இருக்கிறார். கோப்பி வாங்கிக் கொடுத்தால் ஆறவிட்டுவிடுகிறார். குழந்தைகளோடு வருகிற ஒவ்வொரு தமிழ் ஆணின் முகத்தையும் பார்க்கிறார். பத்து வயதில் கண்ட பிள்ளையை இப்போது எப்படி அடையாளம் பிடிப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் என்னைப் பிடிப்பான்" என்றார் அம்மா.

நேற்றும் கடை பூட்டும்வரைக்கும் இருந்துவிட்டு வந்தோம்.